வேண்டாம் என்ற ஊர் – 9: எஃகுப் பாலம்

சென்ற வாரம் பெங்களூருவின் லால்பாக் பூங்காச் சுவருக்கு அருகே நிறுத்தியிருந்தோம். 2009இல் மெட்ரோ ரயிலுக்காக அந்தச் சுவரின் ஒரு பகுதி இடிபட்டது. கொஞ்சம் தள்ளி, லட்சுமண ராவ் பூல்வார்டில் பல தலைமுறைக்கு நிழல் தந்த மரங்கள் சாய்ந்தன. 2005இலிருந்து சாலை விரிவாக்கத்துக்கு வெட்டப்படும் மரங்களுக்காகக் கத்திக்கொண்டிருந்த 'ஹசிரு உசிரு' கூட்டமைப்பு மறித்துப் பார்த்தது, மன்றாடிப் பார்த்தது, தோற்றுப்போனது. பசுமைதான் மூச்சு என்று பெயர் வைத்துக்கொண்டவர்களுக்கு அன்றைக்கு மூச்சு முட்டியிருக்கும்.

தோற்றவர்கள் ஒரு காரியம் மட்டும் செய்துவைத்திருந்தார்கள். யார் வக்கீல், யார் நகரத் திட்டம் தெரிந்தவர், எந்தப் பேட்டையின் குடியிருப்போர் சங்கத்தில் யார் கூப்பிட்டால் வருவார் என்ற கணக்கு அவர்கள் கையில் இருந்தது. அந்தக் கணக்கு எவ்வளவு பெரியது என்று விதான சௌதாவுக்கு, அதாவது மாநில அரசுக்கு, தெரிய ஏழு ஆண்டுகள் ஆயின.

*

2016 செப்டம்பர் 12, திங்கட்கிழமை. காவிரியில் தமிழகத்துக்குத் தண்ணீர் விடச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் அன்று வினாடிக்கு 12,000 கன அடி என்று திருத்தியது. மதியத்துக்குள் பெங்களூரு எரியத் தொடங்கிவிட்டது. கே.பி.என். நிறுவனத்தின் பேருந்துகள் மட்டும் 40க்கு மேல், நின்ற இடத்திலேயே கருகின. ஊரில் 144 தடை, பல காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகளை வீட்டுக்குள் ஒளித்துவைத்த குடும்பத்தினர் இந்தத் தொடரின் வாசகர்களிலேயே பலர் இருப்பீர்கள்.

பத்து நாள் கழித்து, செப்டம்பர் 22 அன்று, ஜெயலலிதா அப்போலோவில் சேர்க்கப்பட்டார். அதன்பின் தமிழ்ப் பத்திரிகைகளின் கண் கிரீம்ஸ் சாலையை விட்டு நகரவில்லை. பெங்களூருவில் அடுத்து நடந்ததைத் தமிழ்நாடு ஏறத்தாழ கவனிக்காமலே விட்டதற்கு அதுதான் காரணம்.

அடுத்து நடந்தது இது. செப்டம்பர் இறுதியில் அன்றைய முதல்வர் சித்தராமையாவின் அமைச்சரவை கூடி ஒரு கோப்புக்கு ஒப்புதல் தந்தது. விதான சௌதாவுக்குச் சற்றுத் தள்ளி, சாளுக்கியா ஹோட்டல் நிற்கும் பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பால் வரை 6.72 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆறு வழி எஃகு மேம்பாலம். கட்டப்போவது பெங்களூரு வளர்ச்சி ஆணையம். ஒப்பந்தம் எல் அண்ட் டி நிறுவனத்துக்கு. செலவு 1,791 கோடி ரூபாய். வெட்டப்படும் மரங்கள் 812.

கணக்குப் போடத் தெரிந்த ஊர் அது. கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 266 கோடி என்று அன்று இரவே வாட்ஸ்அப்பில் ஓடியது. முன்பு பேசப்பட்ட மதிப்பீடு 1,350 கோடிதானே, இடையில் 441 கோடி எங்கிருந்து முளைத்தது என்று அடுத்த கேள்வி வந்தது.

அரசுத் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். அது முட்டாள்தனமான தரப்பு இல்லை. 2008 மே மாதம் தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் திறந்ததிலிருந்து அங்கே போகும் பல்லாரி சாலை திணறிக்கொண்டிருந்தது. மேக்ரி சர்க்கிளைத் தாண்டுவதற்குள் விமானத்தைத் தவறவிட்ட கதை ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. சாலையை அகலப்படுத்தலாம் என்றால் ஓரத்தில் அரண்மனை மைதானம். மைசூர் அரச குடும்பத்தோடு அரசுக்குத் தீராத வழக்கு. கீழே இடமில்லை, அதனால் மேலே போவோம் என்றார்கள். எஃகு என்றால் பாகங்களைத் தொழிற்சாலையில் செய்து எடுத்துவந்து பூட்டிவிடலாம், கான்கிரீட்டைவிடச் சீக்கிரம் முடியும் என்றார்கள். வடக்கே எலகங்கா பக்கம் குடியிருந்தவர்களில் பலர் பாலம் எப்போது வரும் என்றே கேட்டார்கள்.

மக்களிடம் கருத்துக் கேட்டீர்களா என்ற கேள்விக்கும் ஆணையத்திடம் பதில் தயாராக இருந்தது. இணையதளத்தில் கேட்டோம், 299 பேர் எழுதினார்கள், 73 சதவீதத்தினர் ஆதரவு.

2011 கணக்கெடுப்பில் மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் 84 லட்சம் பேர். 299 பேர் என்பது மல்லேஸ்வரத்தில் ஒரு சுமாரான கல்யாணப் பந்தியில் ஒரு சுற்றுக்கு உட்காருகிற கூட்டம். இந்த ஒரு எண்ணை அரசு சொல்லாமலே இருந்திருந்தால் அந்தக் கோபத்தில் பாதி மூண்டிருக்காது என்பது என் எண்ணம். கேட்கவே இல்லை என்றால்கூட ஊர் பொறுத்திருக்கும். 299 பேரைக் கேட்டுவிட்டு ஊரையே கேட்டதாகச் சொன்னதைத்தான் பொறுக்கவில்லை.

*

அக்டோபர் முதல் வாரங்களில் ஒரு பெயர் உருவானது: 'சிட்டிசன்ஸ் ஃபார் பெங்களூரு'. கட்டடக் கலைஞர் நரேஷ் நரசிம்மன், ஸ்ரீநிவாஸ் அலவில்லி, தாரா கிருஷ்ணசாமி, நாடகக்காரர் பிரகாஷ் பெளவாடி என்று முன்னால் நின்ற முகங்கள் சில. அவர்களுக்குப் பின்னால் குடியிருப்போர் சங்கங்கள், ஏரி காக்கும் குழுக்கள், மரம் நடுகிறவர்கள், பேருந்துப் பயணிகள். கட்சிக்கொடி கிடையாது. கோஷம் மட்டும் ஒன்று: 'ஸ்டீல் ஃப்ளைஓவர் பேடா'. பேடா என்றால் வேண்டாம்.

பெங்களூருவில் இதற்கு முன் தன்னார்வ அமைப்புகள் அரசோடு மோதவில்லை என்று இல்லை. கப்பன் பூங்காவின் ஒரு பகுதியை அரசு விடுவிக்கப் பார்த்தபோது 1998இல் தெருவுக்கு வந்தார்கள். அதை ஐந்தாம் அத்தியாயத்தில் பார்த்தோம். ஏரிகளைத் தனியாருக்குக் குத்தகை விட்டதற்கு எதிராக 'என்விரான்மென்ட் சப்போர்ட் குரூப்' 2008இல் உயர் நீதிமன்றம் போய் 2012இல் தீர்ப்பு வாங்கியது. ஆனால் அந்தப் போராட்டங்களில் எல்லாம் ஒரு அமைப்பு முன்னால் நிற்கும், ஊர் வேடிக்கை பார்க்கும். இந்தத் தடவை ஊரே அமைப்பாகப் பார்த்தது. அதில் பலமும் இருந்தது, ஒரு பலவீனமும் இருந்தது. பலவீனத்துக்குப் பிறகு வருகிறேன்.

ஒரு ஞாயிறு குறித்தார்கள். அக்டோபர் 16. பாலம் எந்தச் சாலையில் வரப்போகிறதோ அதே சாலையில் மனிதச் சங்கிலி. பசவேஸ்வரா சர்க்கிளில் தொடங்கி விண்ட்சர் மேனர், காவேரி சந்திப்பு, மேக்ரி சர்க்கிள், ஹெப்பால்.

திட்டம் போட்டவர்களுக்கே உள்ளுக்குள் உதறல் இருந்திருக்கும். கிட்டத்தட்ட ஏழு கிலோமீட்டரைக் கைகோத்து நிரப்ப ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும். பெங்களூருவின் நடுத்தர வர்க்கம் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு எழுவதே பெரிய விஷயம். அதைவிட முக்கியம், ஐந்து வாரத்துக்கு முன்தான் அந்த ஊர் தெருவில் கூட்டம் கூடினால் என்ன ஆகும் என்று பார்த்திருந்தது. டயர் எரிந்த வாசனை இன்னும் சிலருக்கு மூக்கில் இருந்தது. இந்தச் சமயத்தில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றால் யார் வருவார்கள்?

*

வந்தார்கள். ஏறத்தாழ 8,000 பேர்.

முதியவர்கள் ஊன்றுகோலோடு வந்தார்கள். அப்பாவின் தோளில் உட்கார்ந்து குழந்தைகள் வந்தன. கிரீஷ் கர்னாட் வந்து வரிசையில் நின்றார். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அட்டைகள். செப்டம்பரில் மொழியால் பிளந்து கிடந்த ஊரில் தமிழர், தெலுங்கர், மலையாளி, மார்வாடி, கன்னடர் எல்லாரும் ஒரே கன்னடச் சொல்லைச் சொல்லிக்கொண்டு ஒரே பக்கம் நின்றது, பாலம் வருமா வராதா என்பதைத் தாண்டி, அந்த வருடத்தில் பெங்களூரு பார்த்த நல்ல காலைகளில் ஒன்று. ஒரு கல் விழவில்லை.

அரசு அசைந்ததா? இல்லை. பெங்களூரு வளர்ச்சித் துறை அமைச்சர் கே.ஜே. ஜார்ஜ், திட்டம் தொடரும் என்றார். முதல்வரும் அதையே சொன்னார். எட்டாயிரம் பேர் நின்றார்கள் என்பதற்காக அமைச்சரவை முடிவை மாற்ற முடியுமா என்பது அரசுத் தரப்பின் நியாயம். அதிலும் ஒரு தர்க்கம் இருக்கத்தான் செய்கிறது. 299 பேரை வைத்துத் தொடங்கலாம், 8,000 பேரை வைத்து நிறுத்தக்கூடாது என்பதுதான் அதில் இடித்தது.

இந்த இடத்தில்தான் அந்தப் பலவீனம். அன்று வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் சொந்தமாக வண்டி வைத்திருந்தவர்கள். 'பெங்களூரு பஸ் பிரயாணிகர வேதிகே' என்ற பேருந்துப் பயணிகள் அமைப்பு வெகுநாளாக வேறொரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது: நாளுக்கு சுமார் 50 லட்சம் பேர் ஏறி இறங்கும் மாநகரப் பேருந்துக்குப் பணம் கேட்டால் இல்லை என்கிற அரசிடம், விமான நிலையத்துக்குக் காரில் போகிறவர்களுக்காக 1,791 கோடி எப்படி வந்தது? 812 மரம் என்ற எண் செய்தித்தாளின் முதல் பக்கத்துக்குப் போனது. பேருந்து என்ற சொல் உள்பக்கத்தில் தங்கிவிட்டது. மரத்துக்காக அழுகிற ஊர் பீன்யாவில் பேருந்துக்குக் காத்துக்கிடக்கும் கார்மென்ட்ஸ் பெண்ணுக்காக அழுமா என்று கேட்டவர்களுக்கு அன்று யாரிடமும் முழுப் பதில் இல்லை.

தெரு ஒரு பக்கம் இருக்க, காகிதங்கள் வேறொரு ஊருக்குப் பயணப்பட்டன. எந்த ஊர் என்று யோசித்துப் பாருங்கள்.

*

சென்னை!

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. கர்நாடகமும் அதன் எல்லைக்குள் வரும். 'சிட்டிசன்ஸ் ஆக்‌ஷன் ஃபோரம்' என்ற அமைப்பு அங்கே மனுப் போட்டது. 'நம்ம பெங்களூரு ஃபவுண்டேஷன்' இன்னொரு பக்கம் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் படியேறியது.

சென்னையில் எழுந்த கேள்வி எளிமையானது, பதில்தான் சிக்கல். 2006 செப்டம்பர் 14ஆம் தேதி சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுகிற கட்டுமானத்துக்கு முன் அனுமதி வேண்டும். ஊருக்குள் போடும் மேம்பாலம் இந்தக் கட்டுமானத்தில் சேருமா? சேராது, அனுமதி தேவையில்லை என்றது ஆணையம். சேரும் என்பதற்கு மனுதாரர்களுக்கு ஒரு பிடி இருந்தது: டெல்லியில் யமுனை மேல் எழும்பிய சிக்னேச்சர் பாலம் பற்றி அதே தீர்ப்பாயத்தின் முதன்மை அமர்வு 2015இல், பாலமும் அந்த அறிவிக்கைக்குள் வரும் என்று சொல்லியிருந்தது.

2016 அக்டோபர் 28. தமிழ்நாட்டில் தீபாவளிக்கு முதல் நாள். தீர்ப்பாயம் நான்கு வாரத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது.

வரலாறு சில சமயம் இப்படிக் குறும்பு செய்யும். செப்டம்பரில் சென்னையின் பெயரைச் சொல்லிப் பெங்களூருவில் வண்டிகளைக் கொளுத்தினார்கள். ஆறரை வாரம் கழித்து, சென்னையிலிருந்து வந்த ஓர் உத்தரவுக்குப் பெங்களூரு பட்டாசு வெடித்தது. இரண்டையும் சேர்த்துப் பேசிய பத்திரிகைக் கட்டுரை எதுவும் என் கண்ணில் படவில்லை.

இந்தப் பாலச் சண்டைக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருந்தது. மரம், காசு, அனுமதி மூன்றையும்விட ஆழமான கேள்வி என்பதால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

1993 ஜூனில் அமலுக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள பெருநகரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருநகரத் திட்டக் குழு வேண்டும் என்கிறது. 243 இசட்.இ. பிரிவு. குழுவில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு, மாநகராட்சி உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். ஊருக்குப் பாலம் வேண்டுமா, ரயில் வேண்டுமா, ஏரி வேண்டுமா என்று பார்த்து மொத்தத்துக்கும் ஒரு வரைவுத் திட்டம் போட வேண்டியது அந்தக் குழு. பெங்களூருவில் இந்தக் குழு 2014இல்தான் உருவானது. அதுவும் நீதிமன்றம் நெருக்கிய பிறகு. தலைவர் யார்? முதல்வரே. கூடியது அபூர்வம். எஃகுப் பாலம் அந்த மேசைக்கு வரவே இல்லை என்பதுதான் எதிர்த்தவர்களின் மிகக் கூர்மையான வாதம்.

அதாவது மாநகராட்சிக்கு 2015இல் ஓட்டுப் போட்டு ஊர் தேர்ந்தெடுத்த 198 கவுன்சிலர்களுக்கு இந்தப் பாலத்தில் சொல் இல்லை. மேயருக்குச் சொல் இல்லை. பணம் கொடுப்பதும், கட்டுவதும், ஆமாம் போடுவதும் மாநில அரசு. தெருவில் நின்ற எட்டாயிரம் பேரும் கடைசியில் முட்டியது இந்தச் சுவரில்தான். சுருக்கமாகச் சொன்னால் பெங்களூருவின் தன்னார்வ அமைப்புகள் எல்லாம் மாநில அரசோடு மல்லுக்கட்டுவதற்குக் காரணமே, நகரத்தில் மல்லுக்கட்ட ஆள் இல்லாததுதான்.

*

நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவை ஆயின. ஊர் ஏ.டி.எம். வரிசைக்குப் போய்விட்டது. பாலத்தைப் பற்றிப் பேச நேரமில்லை. போராட்டம் ஆறிப்போகும் என்று அரசு எதிர்பார்த்திருந்தால் ஆச்சரியமில்லை. ஆறிப்போன போராட்டங்களின் பட்டியல் பெங்களூருவில் நீளம்.

அப்போதுதான் அமைப்பாளர்கள் இந்தக் கதையின் கெட்டிக்காரத்தனமான காரியத்தைச் செய்தார்கள். பேடா என்று எவ்வளவு நாள் சொல்வது? டிசம்பரில் 'பேக்கு' என்று தொடங்கினார்கள். பேக்கு என்றால் வேண்டும். 'சுக்கு புக்கு பேக்கு': புறநகர் ரயில் வேண்டும். பெயரைக் கேட்டதும் தமிழருக்குப் பிரபுதேவா ஞாபகம் வந்தால் தப்பில்லை. ஊரைச் சுற்றி ஏற்கெனவே கிடக்கும் தண்டவாளத்தில் அடிக்கடி ரயில் விட்டால் ஒயிட்ஃபீல்டுக்கும் எலகங்காவுக்கும் பாலம் இல்லாமலே போகலாம் என்பது அவர்கள் வாதம். ரயில் கோரிக்கை புதிதில்லை, பல ஆண்டுகளாக மனுவாகவே கிடந்தது. அதற்குக் கூட்டம் சேர்ந்தது இப்போதுதான். பேருந்துக்காரர்கள் கேட்ட கேள்விக்கும் இது ஓரளவு பதிலாக இருந்தது. ரயில் டிக்கெட் வாங்குகிறவர்களுக்காகப் பேசுகிற இயக்கத்தைப் பணக்காரர் இயக்கம் என்று ஒதுக்குவது கடினம்.

2017 ஜனவரியில் மாநில அரசும் ரயில்வேயும் புறநகர் ரயிலுக்காக ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 148 கிலோமீட்டர், 15,767 கோடி என்று மத்திய அமைச்சரவை முழு ஒப்புதல் தர 2020 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது தனி அத்தியாயம். ஆனால் வேண்டாம் என்றவர்கள் வேண்டும் என்று சொன்ன ஒன்றை அரசு காதில் வாங்கியது என்பது, பாலத்துக்கு எதிரான எந்தக் கோஷத்தைவிடவும் பாலத்தை ஆட்டியது.

ஆட்டியது, விழவில்லை. விழவைத்தது வேறு ஒன்று. அது தெருவிலிருந்தும் வரவில்லை, சென்னையிலிருந்தும் வரவில்லை.

*

2017 பிப்ரவரி. மாநில பாஜக தலைவர் எடியூரப்பா ஒரு குண்டைப் போட்டார். ஆளும் காங்கிரஸ், டெல்லி மேலிடத்துக்குக் கோடிகளை அனுப்பியது என்றார். அதற்கு ஆதாரம் என்று பாஜகவினர் சொன்னது ஒரு டைரி. முந்தைய ஆண்டு வருமான வரிச் சோதனையில் சிக்கியதாகச் சொல்லப்பட்டது. அதன் பக்கங்கள் என்று சில தொலைக்காட்சியில் ஓடின. எஃகுப் பாலத்தின் பெயரும் பணக் கணக்கோடு அதில் அடிபட்டது. டைரி பொய், எழுத்து பொய் என்று காங்கிரஸ் மறுத்தது. நீதிமன்றத்தில் எதுவும் நிரூபணம் ஆகவில்லை. ஆனால் சட்டமன்றத் தேர்தலுக்கு ஒரு வருடமும் சொச்சமும்தான் மிச்சம். பாலம் என்ற சொல்லைக் கேட்டால் போக்குவரத்து நெரிசலுக்குப் பதிலாக லஞ்சம் ஞாபகம் வரத் தொடங்கியிருந்தது.

மார்ச் 2, வியாழக்கிழமை. ஜார்ஜ் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டார். திட்டத்தைக் கைவிடுகிறோம் என்றார். தவறு எதுவும் நடக்கவில்லை, ஆனால் குற்றச்சாட்டு கிளம்பிவிட்டது, அதனால் விடுகிறோம் என்பது அவர் சொன்னதன் சாரம்.

பெங்களூரு கொண்டாடியது. இனிப்பு, கைகுலுக்கல், செல்ஃபி. இந்தியாவில் ஒரு மாநில அரசு அமைச்சரவையில் முடிவெடுத்து, ஒப்பந்தமும் கொடுத்த பெருந்திட்டத்தை நகரவாசிகள் நிறுத்தியது அபூர்வம். அந்தப் பெருமை அவர்களுக்குச் சேர வேண்டியதுதான்.

ஆனால் கைவிட்டதற்கு அமைச்சர் சொன்ன காரணத்தை இன்னொரு முறை படியுங்கள். 812 மரம் என்று அதில் இல்லை. சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று இல்லை. திட்டக் குழுவைக் கேட்காமல் செய்தது பிழை என்று இல்லை. 299 பேர் போதாது என்றும் இல்லை. மேம்பாலத்துக்கு முன் அனுமதி தேவையா என்ற வழக்குக்கும் உயிர் போய்விட்டது. பாலமே இல்லாதபோது தீர்ப்பு எதற்கு? அந்த ஐந்து மாதத்தில் கேட்கப்பட்ட கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அரசு பதில் எழுதிக் கொடுக்கவில்லை. கெட்ட பெயர் வந்தது, கோப்பை மூடினார்கள். கெட்ட பெயர் மறந்தால் கோப்பைத் திறக்கலாம். அந்தக் கொண்டாட்டத்தில் இதைச் சொன்னவர்கள் மிகச் சிலர். சொன்னவர்களை அன்று யாரும் ரசிக்கவில்லை.

2018 மே மாதம் தேர்தல் வந்தது. சித்தராமையா போய் குமாரசாமி முதல்வரானார், காங்கிரஸின் கூட்டணியில். துணை முதல்வர் ஜி. பரமேஸ்வராவின் கையில் பெங்களூரு வளர்ச்சித் துறை. டைரியைப் பற்றி ஊர் பேசுவதை நிறுத்தியிருந்தது. பல்லாரி சாலை மட்டும் அதே போல நெரிந்துகொண்டிருந்தது.

2019 ஜனவரி. புத்தாண்டு பிறந்து சில நாட்கள். பத்திரிகையாளர்களிடம் பரமேஸ்வரா ஒரு யோசனையைச் சொன்னார். அலவில்லிக்கும் நரேஷுக்கும் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. எதிர்முனையில் கேட்டவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்வி: அதே பாலமா? அதே சாலையா?

அதே பாலம், அதே சாலை. இந்த முறை 'மக்களைக் கேட்டுவிட்டுத்தான் செய்வோம்' என்றார் துணை முதல்வர். எத்தனை பேரைக் கேட்பார்கள்?

(தொடரும்)